அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள், நடுவர்களே

மாவட்ட அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவர்களாக வரும் பெரியோர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். சென்ற முறை என் 11-ஆம் வகுப்பு மாணவிகள் மூவர், நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசலால் புவியீர்ப்பு முடுக்கத்தை (கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதை) அளந்து வந்திருந்தார்கள். உங்களில் ஒருவர் அவர்கள் மேசையருகே நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். விடை 9.58 மீ/வி² என்றிருந்ததைப் பார்த்ததும், "என்னம்மா, புத்தகத்தில் 9.8 என்றுதானே இருக்கிறது? அடித்தல் திருத்தல் வேறு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பக்கத்து மேசையிலும் ஊசல்தான், விடை 9.8, பிசிறில்லாமல். அதற்கு ஒரு தலையசைப்பு கிடைத்தது. (பரிசு இருவருக்குமில்லை. வழக்கம்போல, சமையல் சோடா கக்கிய எரிமலைக்கு.)

அந்த அடித்தலை உற்றுப் பார்த்திருக்கலாம். ஊசல் ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு; 20 அலைவுகளுக்கு ஐந்து முறை நேரம் எடுத்திருந்தார்கள். நான்கு முறை 40.2 வினாடியை ஒட்டியே வந்தது, அதாவது ஓர் அலைவுக்கு 2.01. ஒரு முறை மட்டும் 38.2. அதை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள் ஒருத்தி: "19 மட்டும் எண்ணியிருப்போம். 19 × 2.01 = 38.19." இருபது ஆண்டுகளாகச் செய்முறைப் பதிவேடு திருத்துகிறேன், இப்படியொரு ஓரக்குறிப்பு அபூர்வம். விடையை முதலில் எழுதிக்கொண்டு அளவீடுகளைப் பின்னாலிருந்து நிரப்புகிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. அப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

9.58 எப்படி வந்தது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. நூலை முடிச்சு வரை அளந்து 98 செ.மீ. என்று போட்டுவிட்டார்கள். கொக்கி ஒரு செ.மீ., குண்டின் ஆரம் ஒரு செ.மீ.; இரண்டும் விட்டுப்போயின. குண்டின் மையம் வரை 100 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் 9.77. சென்னைப் பக்கம் உண்மையான மதிப்பே 9.78-தான்; புத்தகத்திலுள்ள 9.8 சுருக்கிச் சொன்ன எண். அதாவது, நீங்கள் தலையசைத்த விடையைவிட, நீளத்தைத் திருத்தியபின் இவர்களுடையது நம் மண்ணுக்கு நெருக்கமானது.

1672-இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன வானியலாளர் ழான் ரிஷே, அங்கே தம் ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். கடிகாரத்தின் கோளாறு என்று தள்ளிவிடாமல் குறித்துவைத்தார். ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும்; பூமி நிலநடுக்கோட்டருகே புடைத்திருப்பதால் அங்கே ஈர்ப்பு குறைவு என்று நியூட்டன் வாதிட்டபோது அந்தக் குறிப்புதான் கைகொடுத்தது. ரிஷே உங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தால் என்ன மதிப்பெண் வாங்கியிருப்பாரோ.

கேட்பது பெரிதல்ல. விடையைப் பார்க்குமுன், "எப்படி அளந்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிழையின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்ததற்கென்று மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஓரக்குறிப்பு எழுதிய பெண் கேட்டாள்: "சார், அடுத்த முறை 9.8 என்றே எழுதிவிடலாமா?" வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதே பதிவேட்டோடுதான் வருவாள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்