சாவியைக் கொடுத்தது பள்ளிக்கூடமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு வயது நிறையாத மாணவர்கள் பைக் ஓட்டி விபத்துக்குள்ளாவது பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். "பள்ளிகள் சாலை ஒழுக்கத்தைக் கற்பிக்கத் தவறிவிட்டன" என்று ஒரே வரியில் தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். கோபி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அந்த வரிக்குப் பிறகு காலைக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

நாங்கள் கற்பிக்காமல் இல்லை. வழிபாட்டுக் கூட்டத்தில் சொன்னோம். போக்குவரத்துக் காவலரை அழைத்து வந்து பேச வைத்தோம். வளாகத்துக்குள் வண்டி கூடாது என்று பலகையும் மாட்டினோம். அதன் பலனாக வண்டிகள் எல்லாம் எதிரில் இருந்த பேக்கரியின் பின்புறத்துக்கு இடம் மாறின. கண்ணாடி கழற்றப்பட்டு, சைலன்சர் மாற்றப்பட்டு, நம்பர் பிளேட் மேல்நோக்கி மடக்கப்பட்ட அந்த வண்டிகளில் மூன்று பேராக ஏறிப் போவார்கள். ஹெல்மெட் இருந்தால் அது ஓட்டுகிறவனின் முழங்கையில் தொங்கும். பாலத்தருகே போலீஸ் நிற்பது தெரிந்தால் மட்டும் தலைக்கு ஏறும்.

அப்படி வந்த பிளஸ் ஒன் மாணவன் ஒருவனின் தந்தையை அழைத்துக் கேட்டேன். "ஏனுங்க சார், அஞ்சரை மணி டியூசனுக்கு அவன் நடந்தா போவான்? நீங்க பாடத்தப் பாருங்க, வண்டி நான் வாங்கிக் குடுத்ததுங்க" என்றார். அன்று மாலையே ஊர்ப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பையனை அவமானப்படுத்திவிட்டதாக என்னிடம் வருத்தப்பட்டார். ஒழுக்கம் கற்பிக்கத் தவறியது யார் என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

சட்டம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய பையனுக்கோ 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "கியர் இல்லாத ஸ்கூட்டர்தானே, பதினாறு வயது போதும்" என்று கூறும் படித்தவர்களும் உண்டு. அந்தச் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதோ 110 சி.சி., 125 சி.சி. ஸ்கூட்டர்கள். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி எதிரில் வந்தவருக்கு உயிர்ச்சேதம் ஏற்பட்டால், காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டை உரிமையாளரிடமே திருப்பி வசூலிக்க முடியும் என்பதும், அதற்குத் தோட்டத்தை விற்க வேண்டிவரும் என்பதும் எத்தனை அப்பாக்களுக்குத் தெரியும்?

தங்கள் நாளிதழும் இதில் சளைத்ததல்ல. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவனுக்குத் தந்தை புது பைக் பரிசளிக்கும் புகைப்படத்தை உள்ளூர்ப் பக்கத்தில் மகிழ்ச்சியோடு வெளியிட்டது தாங்கள்தானே? மாலையில் பள்ளி விடுவதற்குள் எங்கள் ஊர் டவுன் பஸ் போய்விடுகிறது, அடுத்த பஸ் வரும்போது இருட்டிவிடுகிறது என்று முன்பு நான் எழுதிய கடிதம் மட்டும் வெளிவரவில்லை. இடமின்மையாக இருக்கலாம், அந்த வாரம் ஆயுத பூஜைச் சலுகை பைக் விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. பஸ் இல்லாத ஊரில் பைக் கேட்கும் பையனை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் பதினெட்டு வயது நிறையாதவர் ஓட்டிய வண்டி விபத்துக்குள்ளானால், அந்தச் செய்தியின் கடைசியில், உரிமையாளர் மீது 199ஏ பிரிவில் வழக்குப் பதிவானதா இல்லையா என்று காவல் நிலையத்தில் கேட்டு ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். பையனின் பெயரும் படமும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.