மீட்டர் காட்டும் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலைப் பராமரிப்பு வேலையில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் வாய்ப்புகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதிர்வு அளப்பதை, மீட்டரை வைத்துப் பச்சையா சிவப்பா என்று பார்க்கும் வேலையாகச் சொல்லி முடித்திருப்பது மனத்தை உறுத்துகிறது.

பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் மோட்டார் பராமரிப்பில் இருந்தவன் நான். ஒரு மாதம் எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரில் வினாடிக்கு 1.6 மில்லிமீட்டர் அதிர்வு காட்டியது. அந்தச் சிறிய மோட்டாருக்கு அது ஏற்கத்தக்க அளவுதான். 'சரி' என்று என் கையாலேயே எழுதி வைத்தேன். மூன்றே வாரத்தில், இரவு ஷிப்டில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் இறுகி மோட்டார் எரிந்துபோனது.

பேரிங் என்பது உள், வெளி என இரண்டு வளையங்களும் நடுவே உருளும் குண்டுகளும்தான். வளையத்தில் சிறு செதில் பெயர்ந்தால், குண்டு அதன்மேல் உருளும் ஒவ்வொரு முறையும் ஊசி குத்துவதுபோல் ஒரு தட்டல் எழும். அந்தத் தட்டல் கிளப்பும் அதிர்வு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை, இருக்கும். 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை கூட்டி ஒரே எண்ணாகத் தரும் மீட்டரில் தொடக்கத்தில் அது தெரியவே தெரியாது. அந்த உயர் அதிர்வைத் தனியே பிரித்து, தட்டல் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பார்க்க வேண்டும். என்வலப் முறை என்பது இதைத்தான்.

எங்கும் கிடைக்கிற, 6205 என்ற எண் கொண்ட பேரிங்கையே எடுத்துக்கொள்வோம். 9 குண்டுகள். நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் வினாடிக்கு 24. வெளி வளையத்தில் பழுது இருந்தால் வரைபடத்தில் 86 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு எழும். உள் வளையம் என்றால் 130. உள் வளையம் சுற்றுவதால் அதன் பழுது சுமைக்குள் வந்து வந்து போகும். அதனால் 130-க்கு 24 கீழேயும் மேலேயும், அதாவது 106-இலும் 154-இலும், துணைக் கோடுகள் நிற்கும். மோட்டாரைத் திறக்காமலே இடத்தைச் சொல்லிவிடலாம்.

அப்புறம், கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடாமல் அறுத்துப் பார்க்கவும் கற்றுத்தர வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டாரின் பேரிங் வளையத்தில் வரிவரியாகச் சீரான கோடுகள் இருந்தால், மின்சாரம் அதன் வழியே பாய்ந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் எத்தனை முறை கிரீஸ் மாற்றினாலும் பயனில்லை.

அப்படி அறுத்த பேரிங்குகள் சில என் வீட்டில் இன்னும் இருக்கின்றன. எந்தப் பயிற்சி நிலையம் கேட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பணி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு