மண்டபம் சரி, இனிச் சுவரை அள

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. திருக்கோவில் பக்கத்தில் ஓவியப் பள்ளியின் படக் கண்காட்சிக்கென்று மண்டபம் ஒன்று சரிவந்தது நல்ல சேதி. ஆனால் நாற்பது படம் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். ஒன்பதுக்கு ஆறு மீற்றர் மண்டபம் என்றால் சுற்றுச் சுவர் 30 மீற்றர். கதவும் யன்னலும் போக 20 மீற்றர் மிஞ்சும் என்று வை. 60 செ.மீ. அகலப் படத்துக்கு அதேயளவு இடைவெளி விட்டால் ஒரு படம் 1.2 மீற்றரைப் பிடிக்கும். ஆக, பதினாறு படம்தான். பிள்ளைகளின் படத்தை விட்டால் பெற்றோர் மனம் நோகும் என்பது உன் கவலை. சிறுவர் படங்களைச் சட்டம் போடாமல், விறாந்தையில் கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிடு. அங்கே இரண்டு வரிசை வந்தாலும் அழகுதான். மழைச்சாரல் படாத பக்கமாகப் பார்.

எந்த மாதம் என்று கேட்டாய். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை வாடை மழை. சுவர் ஈரத்தைக் குடித்திருக்கும். வைகாசியில் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் சடங்கு, ஒரு சனமும் வராது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனமெல்லாம் உங்கள் பக்கம் திருக்கோவிலில், எங்கள் பக்கம் மாமாங்கத்தில். ஆவணி நடுவில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிப்பதுதான் தோது.

இனித் தொங்கவிடுகிற வேலை. படங்களின் மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைக்காதே, நடுப்புள்ளியை வை: தரையிலிருந்து 145 செ.மீ. ஆணி அடிக்கும் உயரத்துக்குக் கணக்கு லேசு. 145 உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டு. பின்பக்கக் கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழி. 80 செ.மீ. உயரப் படம், கம்பி 10 செ.மீ. கீழே என்றால் 145, 40, கழித்தல் 10: ஆணி 175 இல். கம்பியைத் தளர விட்டு அளந்தால் எல்லாம் பிழைக்கும்.

சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால், மேலே நீளச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, ஒரு படத்துக்கு இரண்டு தங்கூசி நூல் (தூண்டில் நைலோன்) விடு. ஒற்றை நூலில் தொங்கினால் காற்றாடி போட்டதும் படம் திரும்பும். தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு இரவோடிரவாக உருவிவிடும். கரையில் யாரையாவது கேட்டுத் தூண்டில் முள்ளுக்குப் போடுகிற முடிச்சைப் போடு. பாரம் ஏறினால் நூல் கொஞ்சம் நீளும், அதனால் முதல்நாளே தூக்கிவிட்டு அடுத்த நாள் காலையில் உயரத்தைத் திருத்து. பாரத்தையும் பார்த்துக்கொள்: 2 மி.மீ. கண்ணாடி சதுர மீற்றருக்கு 5 கிலோ. 60க்கு 90 செ.மீ. படத்துக்குக் கண்ணாடி மட்டும் 2.7 கிலோ, 3 மி.மீ. போட்டால் 4 கிலோ.

நீர்வர்ணப் படம் கண்ணாடியில் முட்டவே கூடாது. நம்முடைய கடற்கரை ஈரத்தில் இரண்டும் ஒட்டி, நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். அட்டை விளிம்பு வைத்து இடைவெளி கொடு. படத்தை நாலு பக்கமும் ஒட்டிவிடுகிறார்கள், அது பெரிய பிழை. ஈரத்தில் கடதாசி விரியும், விரிய இடமில்லாவிட்டால் அலையலையாக நெளியும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய கடதாசித் துண்டை மாப்பசையால் ஒட்டு. செலோடேப் மஞ்சளாகிக் கறை விடும். பூச்சி அரிக்காதென்று பசைக்குள் துத்தம் கலக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. துத்தத்தில் உள்ள செம்பு கடதாசியைக் கெடுக்கும், அதை விடு. சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும்.

வெளிச்சத்துக்கு ரியூப்லைட்டை நம்பாதே, பல குழாய்களின் கீழ் தோல் நிறம் பச்சையடிக்கும். எல்இடி வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பார். செங்குத்துக்கு 30 பாகை சாய்வில் ஒளி விழவேண்டும்: கூரை 3 மீற்றர் என்றால் விளக்கு சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி, 4 மீற்றர் என்றால் ஒன்றரை மீற்றர் தள்ளி. கிட்டக் கொண்டுபோனால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும், தள்ளிப் போனால் பார்க்கிறவர் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்ப்பார். நீர்வர்ணத்துக்கு 50 லக்ஸ் (படத்தில் விழும் ஒளியின் அளவு) போதும், எண்ணெய் வர்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 200. கிழக்கு யன்னலுக்கு வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டு.

ஓவியர் பேச்சைத் திறப்பு விழாவோடு சேர்க்காதே, மச்சான். எங்கள் விழா உனக்குத் தெரியாததா? விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி, சிறப்பு அதிதிகள், பொன்னாடை. கடைசியில் வரைந்தவருக்கு ஐந்து நிமிடம், அதுவும் சிற்றுண்டி வந்த பிறகு! பேச்சுக்கு வேறொரு நாள் வை. பின்னேரம் 4.30க்குத் தொடங்கி 5.45க்கு முடித்தால் அக்கரைப்பற்றிலிருந்து வருகிற நம் முஸ்லிம் கூட்டாளிமார் மஃரிப் தொழுகைக்குப் போய்விடலாம்.

மேடையும் வேண்டாம், ஒலிவாங்கியும் வேண்டாம். முப்பது பேருக்குக் குரலே போதும். சீமெந்து மண்டபத்தில் ஒலிபெருக்கி எதிரொலித்துச் சொல்லைத் தின்னும். கதிரைகளை அரைவட்டமாக, சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளிப் போடு. ஓவியர் மூன்று படத்துக்கு முன்னால் மட்டும் நின்று பேசட்டும், இருபது நிமிடம். மிச்சம் கேள்விக்கு. பதினாறு படத்தையும் விளக்கத் தொடங்கினால் ஏழாவது படத்தில் ஆட்கள் கைபேசியை எடுப்பார்கள். பக்கத்து மேசையில் முதல் கோட்டுப்படங்கள், கைவிட்ட படம் ஒன்று, வர்ணத்தட்டு. பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் மொய்ப்பார்கள்.

கேள்வி கேட்க ஒருவரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்து. "இதன் கருத்து என்ன" என்று தொடங்கினால் ஓவியர் வாய் மூடிவிடும். முதலில் போட்ட நிறம் எது, எதை அழித்தீர்கள், ஏன் இந்த அளவு என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். உன் பட்டியலில் கூத்து வரைகிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு எதிரே கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரை இருத்து. கூத்தர் அணிகிற கரப்புடுப்பின் நிறத்தையும் கிரீட முடியின் வடிவையும் பற்றி அவர் கேட்கிற கேள்வியை எந்த விமர்சகரும் கேட்கமாட்டார். மற்றப் பேச்சாளருக்கு இங்கே சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் விசாரித்துப் பார்க்கிறேன்.

இங்கிருந்து படங்கள் வான் வண்டியில் வரும். அக்ரிலிக் படத்தில் குமிழ்த்தாள் நேரே பட்டால் வெயிலில் வர்ணம் இளகி, வட்டம் வட்டமாகப் பதியும். கேக் தட்டில் விரிக்கிற ஒட்டாத கடதாசியை முதலில் சுற்றவேண்டும். படுக்கப் போடாமல் நிறுத்தி, முகத்தோடு முகம், முதுகோடு முதுகு. அப்போதுதான் கொளுக்கி அடுத்த படத்தைக் கிழிக்காது.

விலைச்சீட்டில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (நீர்வர்ணமா, எண்ணெய் வர்ணமா), அளவு. அளவில் உயரம் முதலில். பாதிப் பணம் கைக்கு வராமல், விற்றதென்று காட்டுகிற சிவப்புப் பொட்டை ஒட்டாதே.

கூரையின் உயரம், யன்னல்களின் அளவு, மின்செருகி எத்தனை, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு கடதாசியில் கீறி அனுப்பு. அதைப் பார்த்துத்தான் விளக்கு வாங்கவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி