அது அல்சர் இல்லை, ஆச்சி

ஆச்சி,

இன்று உன் கல்யாண நாள். காலையில் போனில் வாழ்த்தும்போதே இதையும் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் மாமியார் குரல் கேட்டது, விட்டுவிட்டேன். போன வாரம் தேவகோட்டையிலிருந்து என் ஜாதகம் கேட்டவர்களிடம், "தங்கச்சிக்கு லேசா அல்சர், வேற ஒண்ணுமில்லை" என்று நீ சொன்னாயாமே? பத்தொன்பது வயதில் ஜாதகம் எதற்கு என்பது வேறு சண்டை. அந்த அல்சருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இருப்பது கிரோன் என்கிற குடல் நோய்.

குடல் காசநோய் என்று முதலில் மாத்திரை தின்ற கதை, மதுரைக்கு அலைந்தது, இதெல்லாம் உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று என் பக்கம் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது.

நம் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. ஊரே வியக்கும் அந்த நீளம் எனக்கு எப்போதும் பயம். முகப்பிலிருந்து வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, கிணற்றடிக்குப் போனால்தான் கழிப்பறை. அன்று வளவு முழுக்கப் பங்காளிகள். வயிறு முறுக்கிக்கொண்டு வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அத்தனை பேர் காலையும் மிதிக்காமல், ஓடுவதுபோலத் தெரியாமல் ஓட வேண்டும். ஸ்டீராய்டால் ஊதிய என் கன்னத்தைக் கிள்ளி, "பிள்ளை பூசினாப்ல நல்லா இருக்கு" என்று நிறுத்திவைத்தார் ஒரு பெரியாயா.

நான் உள்ளே இருந்தபோது நீ வந்தாய். கூறைச்சேலையோடு, கழுத்துருத் தாலி ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால். கதவிடுக்கில் மாற்றுப்பாவாடையை நீட்டினாய். தேடி வந்தவர்களிடம் "முகம் கழுவுறா" என்றாய். வெளியே வந்ததும் முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாய். துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை வீட்ல கேட்டா அல்சர்னு சொல்லு" என்றாய்.

அந்தக் கையை நான் மறக்கமாட்டேன், ஆச்சி. அந்த வார்த்தையையும்தான்.

நீ பயந்தது எனக்குப் புரிகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு கிரோன் நோய் இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் இது ஒட்டுகிற நோய் இல்லை. மிளகாயாலோ பரோட்டாவாலோ வந்ததும் இல்லை. எதிர்ப்பு சக்தி நம் குடலையே தாக்குகிறது. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் புண்ணாகலாம். பிள்ளைகளுக்கு வளர்ச்சியையே தடுத்துவிடும். நான் வயதுக்கு வரவில்லை என்று ஊர் பேசியதும் இதனால்தான். நாளைக்கு உன் பிள்ளைக்கு வயிறு வலித்தால், "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்றா டாக்டரிடம் சொல்வாய்?

அன்று சாயங்காலம் பந்தியில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். அத்தானும் படிக்கக்கூடும், அவர் நல்லவர்.

என்னை மன்னித்துக்கொள். நீ சொல்லாதே என்றதை ஊரறியச் சொல்கிறேன். ஆனால் உன் கல்யாணம் முடியட்டும் என்றாய், முடிந்தது. இப்போது என் கல்யாணம் என்கிறாய். பத்தாம் வகுப்புத் தேர்வு ஹாலில், பாதியில் எழுந்து போக அனுமதி கேட்கக் கூசிப்போய், முந்தின நாளிலிருந்தே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அல்சர் என்று சொல்லிவைத்த பிள்ளைக்கு யார் சலுகை தருவார்கள்? அந்தப் பசியில் உனக்கும் பங்கு உண்டு. அப்படித்தான் நினைக்கிறேன், எழுதிவிட்டேன்.

கல்லூரி விடுதியில் வார்டனிடம் நோயின் பெயரைச் சொல்லியாயிற்று. கழிப்பறைக்குப் பக்கத்து அறை கொடுத்தார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. ஜாதகம் கேட்டவர்களுக்கு அம்மா சொல்வதாக இருக்கிறாள். அத்தானிடம் நீ சொல்லு. என் வாயால் கேட்பதைவிட உன் வாயால் கேட்டால் அவருக்கு நல்லது.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து இந்தச் செவ்வாய்க்கிழமை, மதுரையில். இரண்டு மணி நேரம் டிரிப்ஸ் ஏறும். அம்மாவுக்கு வர முடியாது. காரைக்குடியில் காலை ஆறு மணி பஸ், திருப்பத்தூர், மேலூர் வழி. வருவதாக இருந்தால் திங்கள் ராத்திரிக்குள் சொல்லு, உனக்கும் சேர்த்து இட்லி கட்டச் சொல்கிறேன்.