ஃபீஸ் பாக்கியை எங்களிடம் கேளுங்கள், பிள்ளைகளிடம் கேட்காதீர்கள்

திருப்பூரில் தனியார் பள்ளி நடத்தும் கரஸ்பாண்டன்ட் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும், வணக்கம்.

காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை அன்று, ஃபீஸ் கட்டாத பிள்ளைகளை வெளியே உட்கார வைத்தது எங்கள் பள்ளியில்தான். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் "நம்ம ஸ்கூல் இல்ல" என்று நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். கம்பெனியில் என் பக்கத்து டேபிளில் செக்கிங் பார்க்கும் அக்காவின் மகன் வேறு பள்ளி, எதிர்வீட்டுப் பையன் இன்னொரு பள்ளி. மூன்று வீட்டிலும் இதே கதைதான், வராண்டா மட்டும் வேறே வேறே.

பிரேயர் முடிந்ததும் இரண்டாம் டேர்ம் ஃபீஸ் கட்டாத பிள்ளைகளின் பெயரை மைக்கில் வாசித்தார்கள். பெயர் வந்த பிள்ளைகளை வரிசையாக ஆபீஸ் ரூம் வராண்டாவில் உட்கார வைத்தார்கள். உள்ளே மற்ற பிள்ளைகள் பரீட்சை எழுத ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் இவர்களுக்குக் கேள்வித்தாள் கிடைத்தது. என் மகள் ஆறாம் வகுப்பு. கணக்கில் நன்றாகப் போடுகிற பிள்ளை, கடைசி இரண்டு பெரிய கணக்கைத் தொடவே நேரமில்லை என்று வந்து சொன்னாள். சரி, மார்க் போனால் போகட்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் இன்னொன்று நடந்தது, அதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆபீஸில் இருக்கும் மேடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "அப்பா எப்ப கட்டுவாருன்னு எழுதிக் குடு" என்றிருக்கிறார். இவள் "தீபாவளி போனஸ் வந்ததும்" என்று எழுதியிருக்கிறாள், வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்ததை அப்படியே. "இதெல்லாம் வேண்டாம், தேதி போடு" என்று மேடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்பு அக்காவிடம் தீபாவளி என்றைக்கு என்று கேட்டு, அதற்கு மறுநாளைக் கணக்குப் பண்ணி 21.10.2025 என்று எழுதி, கீழே தன் பெயரையும் வகுப்பையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பண்டிகைக்கு மறுநாள் எந்த அப்பன் கையில் காசு இருக்கும் என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஐயா, அந்தச் சீட்டு உங்கள் ஆபீஸில்தான் இருக்கும். அது கடன் பத்திரம் இல்லையா? மீட்டர் வட்டிக்கு விடுகிறவர்கள்கூடப் பெரியவர்களிடம்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.

எங்களைப் பிடிக்க முடியாமல் பிள்ளையைக் கேட்டோம் என்று சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. அட்மிஷன் ஃபாரத்தில் என் நம்பர், வீட்டுக்காரர் நம்பர், அவசரத்துக்கு மாமனார் நம்பர், ஆதார், ரத்த வகை வரைக்கும் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். ஆப் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைக்கு வாழ்த்து அனுப்பத் தெரிந்த பள்ளிக்கு, பெற்றவர்களைப் போனில் கூப்பிட்டு "எப்பங்க கட்டுவீங்க" என்று கேட்கத் தெரியாதா? தெரியும். போனில் கேட்டால் நாங்கள் நிலைமையைச் சொல்லுவோம், அவகாசம் கேட்போம். பிள்ளையிடம் கேட்டால் அன்று சாயந்திரமே தாலிக்கொடியாவது அடகுக்கடைக்குப் போகும். அது உங்களுக்குத் தெரிந்துதான் இந்த வழியைப் பிடித்திருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் வேறு காரணமும் தோன்றவில்லை.

இந்த வருஷ நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களில் சிலருக்கே பனியன் கம்பெனியும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் எங்கள் கம்பெனியில் முதலில் போனது அரை ஷிப்ட். இந்த ஊரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த அரை ஷிப்ட் என்றால் என்ன என்று தெரியும். ஒரு ஷிப்ட் சம்பளம் வாடகை, அரிசி பருப்பு, கேஸ், மகளிர் குழு லோன் தவணை என்று வந்த வழியே போய்விடும். ராத்திரி எட்டரை வரை நின்று பார்க்கிற மிச்ச அரை ஷிப்ட்தான் ஸ்கூல் ஃபீஸ். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, கேட்டுப் பாருங்கள், டெய்லர், செக்கிங், அயர்னிங் எந்த வீட்டிலும் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. அந்த அரை ஷிப்ட் இல்லையென்றால் ஃபீஸ் இல்லை, அவ்வளவுதான் விஷயம். நாங்கள் எங்கேயும் ஓடிப்போகவில்லை.

பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து இவள் சனிக்கிழமை ராத்திரி அப்பா வந்ததும் முதலில் கேட்பது, "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்ப்பா?" என்று. முன்னெல்லாம் முட்டை பப்ஸ் வாங்கி வந்தாரா என்று பையைத்தான் பார்ப்பாள். அவர் ஆறு என்றார். இவள் விரல் விட்டு ஏதோ எண்ணிவிட்டு ஒன்றும் பேசாமல் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு மெதுவாகப் பேசிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. அதை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. உங்கள் பக்கத்து நியாயமும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மிஸ்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், வேனுக்கு டீசல் போட வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும், கரண்ட் பில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடத்தில் சேர்த்த பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய பணம் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறது என்று உங்கள் சங்கங்கள் சொல்வதையும் பேப்பரில் படிக்கிறோம், மத்திய அரசும் மாநில அரசும் சண்டை போட்டதில் 2025 ஜூனில் அந்தச் சேர்க்கையே நடக்கவில்லை. பெரிய பாக்கிதான். அதற்காக எந்த அதிகாரியின் பெயரையாவது பிரேயரில் மைக்கில் வாசித்தீர்களா? எந்தச் செயலாளரையாவது வராண்டாவில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தீர்களா? மனுக் கொடுக்கிறீர்கள், கோர்ட்டுக்குப் போகிறீர்கள், காத்திருக்கிறீர்கள். அந்த மரியாதையில் கால்வாசி எங்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதோடு மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. என்பது ஃபீஸ் பாக்கியை வசூல் பண்ணுகிற கருவி இல்லை, அதில் பாக்கி இருக்கிறது என்று எழுதவும் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பாக்கி என்று டி.சி.யில் எழுதுவதே பிள்ளைக்கு அவமானம் என்றால், பள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரி மைக்கில் வாசிப்பது என்ன கணக்கில் சேரும்?

"அவ்வளவு கஷ்டம்னா கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சேர்க்க வேண்டியதுதானே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா அம்மாக்களிலேயே இருக்கிறார்கள். சேர்க்கலாம், தாராளமாக. எங்கள் லைனில் இரண்டு வீட்டில் இந்த ஜூனிலேயே மாற்றிவிட்டார்கள், சின்னதுக்குக் காலைச் சாப்பாடும் அங்கேயே ஆகிவிடுகிறது, காலையில் ஓடுகிற அம்மாவுக்கு அது பெரிய உதவி. நாங்களும் யோசிக்கிறோம். ஆனால் நடு வருஷத்தில், பழகின பிள்ளைகளை விட்டு, பரீட்சையில் வெளியே உட்கார வைத்த அவமானத்தோடு ஒரு பிள்ளை பள்ளி மாறக் கூடாது. மாறினால் நல்லபடியாக மாற வேண்டும்.

ஃபீஸ் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2009-இலேயே தனிச் சட்டம் வந்து, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு, பள்ளிவாரியாகத் தொகை நிர்ணயிக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு அந்தக் குழு சொன்ன தொகை எவ்வளவு என்று இத்தனை பெற்றவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. நோட்டீஸ் போர்டில் பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் எடுத்தவர்களின் போட்டோ இருக்கிறது, அந்தத் தொகைதான் இல்லை. டேர்ம் ஃபீஸுக்கு ரசீது வருகிறது, ஆக்டிவிட்டி ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா டிரஸ் என்று வாங்குவதற்கு வருவதில்லை. புத்தகக் கட்டோடு பிரவுன் ஷீட்டும் லேபிளும் உங்களிடமே வாங்க வேண்டும். பஜாரில் வாங்கின பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டால் கணக்கு மண்டையில் ஏறாதா? பனியனும் டி-ஷர்ட்டும் உலகத்துக்கே தைத்து அனுப்புகிற ஊரில், பி.டி. டிரஸ்ஸை மட்டும் நீங்கள் சொல்கிற ஒரே கடையில், நாங்கள் தைக்கிற கூலியைப் போலப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். அந்தத் தையலைத் திருப்பிப் பார்த்தாலே வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடும், இரண்டு துவைப்பில் ஓரம் பிரிகிறது, அவரேதான் மறுபடி ஓவர்லாக் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த டிரஸ்ஸுக்கும் ரசீது கிடையாது.

சரி, அந்தப் பட்டியலை எடுத்தால் இன்றைக்கு முடியாது. அதை இன்னொரு நாள் பேசுவோம். இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: பாக்கியை எங்களிடம் கேளுங்கள், பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். மைக்கில் வேண்டாம், வகுப்பில் எழுந்து நிற்க வைப்பது வேண்டாம், டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவது வேண்டாம், துண்டுச் சீட்டு வேண்டவே வேண்டாம். கிளாஸ் மிஸ்ஸையும் இதில் இழுக்காதீர்கள், பாவம், அவரும் வேறு ஒரு பள்ளியில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவர்தான்.

பணம் வருவதற்கு வழியையும் சொல்கிறோம். எங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை ராத்திரி கைக்கு வருகிறது. உங்கள் ஆப் முழுத் தொகையைத்தான் வாங்கும், ஆயிரம் ரூபாய் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். திங்கள்கிழமை பகலில் லீவு போட்டு வந்தால் அன்றைய ஷிப்ட் போகும், ஃபீஸ் கட்டுவதற்காக ஃபீஸ் பணத்தை இழக்கிற புத்திசாலித்தனம் எங்களிடம் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஆபீஸைத் திறந்து, ஒரு ஆளை உட்கார வைத்து, ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ யார் என்ன கொண்டுவந்தாலும் வாங்கிக்கொண்டு அப்போதே ரசீது கொடுங்கள். எங்கள் பாக்கி 11,500. போனஸ் வந்ததும் பெரும்பகுதி கட்டிவிடுவோம், மீதி வாரா வாரம் வரும், அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் தீர்ந்துவிடும். நாங்கள் தேதி எழுதித் தருகிறோம், கையெழுத்தும் போட்டுத் தருகிறோம், நாங்கள் போடுகிறோம்.

கட்டினாலும் கட்டாவிட்டாலும் அரையாண்டுப் பரீட்சையில் எந்தப் பிள்ளையின் பெயரையும் வாசிக்கக் கூடாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் மணி அடித்ததும் கேள்வித்தாள் கையில் இருக்க வேண்டும். என் மகள் எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டையும், அன்று மற்றப் பிள்ளைகளிடம் வாங்கின சீட்டுகளையும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் என் வீட்டுக்காரரும் நானும் கட்டாயம் வருகிறோம், இன்னும் நிறையப் பேர் வருவார்கள். எந்த ஞாயிறு என்று குரூப்பில் போடுங்கள். அந்த ஒரு நாளைக்காவது 'அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்' என்பதை எடுத்துவிட்டால், வருகிறோமா இல்லையா என்று எங்களாலும் பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
திருப்பூர்.