ஊர் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே

மிசிசாகா
கனடா
மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? அந்தத் தைலத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் தடவ வேண்டும் என்று சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

போன ஞாயிறு போனில், "அது சரி, உங்க ஊர் நடுவுல என்னதான் இருக்கு?" என்று கேட்டீர்கள். சட்டென்று பதில் வரவில்லை, ஏதோ மழுப்பிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். மன்னார்குடியில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கோயில் என்று சொல்லிவிடும். கோயில், மதில், சுற்றி ராஜ வீதிகள், கடைத்தெரு, அதற்கெல்லாம் வெளியேதான் நகர்கள், மனைப்பிரிவுகள். இங்கே நடுவில் இருப்பது ஒரு மால். ஸ்கொயர் ஒன் என்று பெயர். இதைப் போனில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால் ஊருக்கு முன்னாலேயே மால் வந்துவிட்டது. 1973-ல் வயல்வெளி நடுவே கட்டித் திறந்திருக்கிறார்கள். மிசிசாகா நகரமானதே அதற்கு அடுத்த வருஷம்தான். அதற்கு முன் இங்கே இருந்தவை தனித்தனி ஊர்கள்: ஏரிக்கரையில் போர்ட் கிரெடிட், வடமேற்கே ஸ்ட்ரீட்ஸ்வில், நடுவாந்தரத்தில் குக்ஸ்வில் என்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகக் கடைத்தெரு உண்டு, இன்றைக்கும் போர்ட் கிரெடிட்டில் நடந்தால் ஒரு ஊரில் நடக்கிற மாதிரி இருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே நகரம் என்று சொன்னபோது, நடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. மால் பக்கத்தில் 1987-ல் நகராட்சிக் கட்டடம் கட்டினார்கள், அப்புறம் நூலகம், பஸ் நிலையம், 2011-ல் ஒரு பெரிய சதுக்கம், இப்படி ஒவ்வொன்றாக மாலைச் சுற்றியே வந்து உட்கார்ந்தன. அந்த நகராட்சிக் கட்டடத்தை இந்தப் பக்கத்துப் பண்ணை வீடு, தானியக் கிடங்கு சாயலில் வடிவமைத்தார்களாம். முதல் நாள் பார்த்தபோது எனக்கு நம் ஊர் அரிசி மில் ஞாபகம்தான் வந்தது, சத்தியமாக.

இனி வருவது உங்கள் சப்ஜெக்ட். முப்பது வருஷம் நகராட்சியில் பில் கலெக்டராக அலைந்தவருக்கு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இங்கே ஹேஸல் மெக்காலியன் என்று ஒரு அம்மா 1978-லிருந்து 2014 வரை மேயராக இருந்தார். முப்பத்தாறு வருஷம்! இறங்கும்போது வயது 93. வந்த மறுவருஷமே, 1979 நவம்பரில், குளோரின் ஏற்றிய ரயில் தடம்புரண்டு தீப்பிடித்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைக் காலி பண்ணவைத்தார்கள், ஒரு உயிர் போகவில்லை. அதிலேயே பேர் வாங்கிவிட்டார். நகராட்சிக்குக் கடனே இல்லை, வீட்டு வரியையும் அதிகம் ஏற்றவில்லை என்பது அவருடைய பெரிய பெருமை. எப்படி முடிந்தது தெரியுமா? நீங்கள் சொல்வீர்களே டெவலப்மென்ட் சார்ஜ், அதுதான். வயலில் புதிதாக வீடு கட்டுகிற கம்பெனி ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சிக்குப் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் ரோடு, குழாய், சாக்கடை, நூலகம். மனை விற்க விற்கப் பணம் வந்துகொண்டே இருந்தது. பழைய வீட்டுக்காரன் வரி ஏறவில்லை, புது வீட்டுக்காரன் விலையோடு விலையாகக் கட்டிவிட்டான், ஓட்டும் விழுந்தது.

ஆனால் வயல் என்ன ரப்பரா, இழுக்க இழுக்க வர? ஒரு நாள் தீர்ந்துவிட்டது. பரந்து கிடக்கிற ஊருக்கு ரோடு நீளம், குழாய் நீளம், பஸ் நீளம், எல்லாம் ஐம்பது வருஷத்துப் பழசு, மாற்றக் காசு வேண்டும். வரி ஏறியது, கடன் வாங்காத நகராட்சி கடனும் வாங்கியது. நம் ஊரில் ஒரு விரிவாக்கப் பகுதிக்குக் குடிநீர்க் குழாய் இழுக்கும்போது, "நாலு வீட்டுக்கு நாலு ஃபர்லாங் பைப்பு, எவன் கட்டுவான்?" என்று நீங்கள் ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் புலம்பியது அப்படியே காதில் கேட்கிறது.

அகலத்துக்கு இடமில்லை என்றதும் உயரத்துக்குப் போனார்கள். இப்போது மாலைச் சுற்றிக் கோபுரம் கோபுரமாகக் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடுகள். 2012 வாக்கில் முடிந்த இரண்டு கட்டடங்கள் இடுப்பை ஒடித்து நிற்கிற மாதிரி வளைந்திருக்கும், ஒன்று 56 மாடி, இன்னொன்று 50. மர்லின் மன்றோ என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். சீனாக்காரர் மா யான்சோங் வடிவமைத்தது. நிஜமாகவே அழகு, மாலை வெயில் படும்போது பஸ்ஸில் இருந்து நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். இனி மாலின் கார் நிறுத்தும் இடங்களிலேயே 37 கோபுரம் கட்டத் திட்டமாம்.

இவ்வளவு கிரேன் நிற்கிறதே, ஜனம் பெருகியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 2016 கணக்கெடுப்பில் 7,21,599 பேர், 2021-ல் 7,17,961. குறைந்திருக்கிறது அப்பா! எனக்கும் முதலில் நம்ப முடியவில்லை. எங்கள் லேபில் உடன் வேலை செய்கிற அக்கா ஒருவர் விளக்கினார். நாலு பெட்ரூம் வீட்டில் பிள்ளைகள் போய்விட்டுக் கிழவனும் கிழவியுமாக இருக்கிறார்கள், வீட்டை விற்கவும் மனமில்லை. கல்யாணமான சிறுசுகளுக்கு அந்த வீடு வாங்கக் கட்டாது, கொண்டோவில் பிள்ளை வளர்க்க இடம் போதாது, பிராம்ப்டன், மில்டன் என்று வெளியே போய்விடுகிறார்கள். அந்த அக்காவும் மில்டனில்தான் இருக்கிறார்.

நான் இருக்கிற ஒரு பெட்ரூம் வீடு 27-வது மாடி. சொந்தக்காரர் ஒரு நாள்கூட இதில் குடியிருந்ததில்லை, வாடகைக்கு விடவே வாங்கியது. இப்படி வாங்குகிறவர்களை நம்பித்தான் இவ்வளவு சின்னச் சின்னதாகக் கட்டினார்கள். இப்போது வட்டியும் விலையும் சேர்ந்து அடித்ததில் புதுக் கொண்டோ விற்பனை படுத்துவிட்டது. ஜனவரியில் கவுன்சில் கூடி அந்த டெவலப்மென்ட் சார்ஜைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானம் போட்டது, வாடகைக்கென்றே கட்டுகிற மூன்று பெட்ரூம் வீட்டுக்கு முழுசாகத் தள்ளுபடி. ஊரை வளர்த்த பணத்தையே ஊர் வளர்வதற்காக விடவேண்டி வந்திருக்கிறது. உங்கள் கமிஷனராக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா?

வேலைக்கு நான் நடுவிலிருந்து வெளியே போகிறேன். இங்கே மருந்துக் கம்பெனிகள், பெரிய கம்பெனிகளின் கனடா தலைமை ஆபீஸ்கள் நிறைய, ஆனால் முக்கால்வாசி மெடோவேல் பக்கமும் விமான நிலையத்தை ஒட்டியும் இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களாகப் படுத்துக் கிடக்கின்றன. அங்கே கார் நிறுத்தத் தரை சும்மா கிடைக்கிறது, மால் பக்கம் என்றால் பூமிக்கடியில் தோண்டிக் கட்ட வேண்டும், எந்தக் கம்பெனி வரும்? அதனால் நடு ஊரில் படுக்கிற இடம் பெருகியது, பிழைக்கிற இடம் பெருகவில்லை. காலையில் பஸ் நிலையத்தில் நின்றால் தெரியும், கூட்டம் எல்லாம் வெளியே போகிற கூட்டம்.

எங்கள் தெருமுனையில் ஹுரொன்டாரியோ சாலை. பழைய ஆட்கள் ஹைவே டென் என்பார்கள். அதில் 18 கிலோமீட்டர் டிராம் ரயில் போடுகிறார்கள், 19 நிறுத்தம், அந்த மேயர் அம்மா பெயரையே வைத்திருக்கிறார்கள். 2020-ல் தொடங்கிய வேலை, போன வருஷமே ஓடியிருக்க வேண்டும், இன்னும் ஓடவில்லை. நான் வந்த நாளிலிருந்து ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவில்தான் ரோட்டைக் கடக்கிறேன். மாலைச் சுற்றி வருகிற வளையத்தைச் செலவு என்று 2019-ல் வெட்டிவிட்டார்கள், அதாவது நடு ஊருக்காகப் போடுகிற ரயில் நடு ஊரைச் சுற்றாது! போன வருஷம் திரும்பப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம். பிளாசாவில் நான் இடியாப்பமும் சம்பலும் வாங்குகிற கடையின் யாழ்ப்பாணத்து அண்ணன், ரோடு தோண்டியதில் வியாபாரம் பாதி போச்சு, ரயில் வந்த பிறகு கட்டடக்காரன் வாடகையை ஏற்றிவிடுவான், இரண்டு பக்கமும் இடிதான் என்கிறார்.

ஜூனில் வரும்போது நடக்க இடம் இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் மாலுக்குள். சிரிக்காதீர்கள். காலையில் கடை திறக்கும் முன்பே வயசானவர்கள் ஷூ போட்டுக்கொண்டு உள்ளே சுற்றுகிறார்கள், குளிரில்லை, வழுக்காது. முடித்துவிட்டு ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சாபித் தாத்தாக்கள் ஒரு மேசை, போர்ச்சுகீசுக்காரர்கள் ஒரு மேசை, கையை ஆட்டி ஆட்டி அவரவர் ஊர் அரசியல். போன வாரம் பக்கத்து மேசையில் தமிழ் கேட்டது. வேட்டி இல்லை, திண்ணை இல்லை, மற்றபடி மேல ராஜ வீதிதான். உங்களுக்கு ஒரு நாற்காலி நிச்சயம் கிடைக்கும்.

விசா பேப்பரில் உங்கள் பென்ஷன் ஆர்டர் நகல் கேட்கிறார்கள், கருவூலத்தில் வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். ஷூ இங்கேயே வாங்கிவிடுகிறேன், கால் அளவு எட்டா ஒன்பதா என்று அம்மாவை அளந்து சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் உத்தேசமாகச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்