சுக்கான் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் படகை ஜோர்டன் ஏரியில் இறக்கியபோது சுக்கானைப் பின்சுவரோடு பிணைக்கும் கீழ்க்கீல் ஆடியதாகவும், உள்ளே கைவிட்டு நட்டை இரண்டு சுற்று முறுக்கியதும் ஆட்டம் நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஆட்டம் நின்றுவிட்டது என்ற அந்த வரிதான் எனக்குக் கவலையைத் தந்தது. தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் பொறுமையாக எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: தளர்ந்த போல்ட்டை முறுக்காதே, கழற்று.

நம்முடைய பாய்மரப் படகான கேட்டலீனா 22, 1978-இல் செய்தது. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து 1969-இல் கலிஃபோர்னியாவில் கட்டத் தொடங்கிய இந்த வகைப் படகு பதினையாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. நம் படகைவிட மூத்தவை பல இன்றும் ஏரிகளில் ஓடுகின்றன. ஆகவே வயதை மட்டும் எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது தண்ணீருக்குத்தான். ஒரு போல்ட் தானாகத் தளர்வதில்லை. தண்ணீர் புகாமலிருக்க அதைச் சுற்றிப் பூசியிருந்த சீலண்ட் முதலில் காய்ந்து விரிசல் விடும். அந்த மயிரிழை வழியே தண்ணீர் இறங்கும். இறங்கிய இடத்தில் மரம் இருந்தால் அது ஊறி மென்மையாகி நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட் தளரும். நீ நட்டை முறுக்கும்போது, ஊறிய மரத்தை இன்னும் கொஞ்சம் நசுக்குகிறாய், அவ்வளவுதான். இரும்பு இறுக்கமாகிவிட்டது என்று கைக்குத் தோன்றும், ஆனால் தண்ணீர் வரும் வழி திறந்தபடியே இருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீ ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில், மேல்தளத்தின் இடது ஓரத்தில் பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் தூண் ஒன்று அசைந்தது உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் நட்டை முறுக்கி, மேலே கொஞ்சம் சிலிக்கோன் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று நம்பினேன். அந்தக் காலத்துப் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே பிளைவுட்டை வைத்துச் செய்தது. உள்ளே புகுந்த நீர் மிச்சிகன் குளிரில் உறைந்தது. உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். விரிந்த பனிக்கட்டி தோலையும் மரத்தையும் பிரித்தது. பிரிந்த இடைவெளியில் அடுத்த ஆண்டு இன்னும் அதிக நீர் தேங்கியது. ஐந்தாம் ஆண்டு அந்த இடத்தில் கால் வைத்தபோது தளம் அமுங்கியது. மேல்தோலை இரண்டடி நீளத்துக்கு அறுத்துத் திறந்தேன். உள்ளே இருந்தது மரமாக இல்லை, ஊறிய தேயிலைத் தூள் போல இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலையில் முடித்திருக்க வேண்டிய வேலை, அந்த ஆண்டுக் கோடையையே எடுத்துக்கொண்டது. நீ அந்த ஆண்டு ஏரிக்குப் போகவே இல்லை என்று அழுதது இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

ஆகவே முதலில் சோதித்துப் பார். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கீலைச் சுற்றிலும், ஒவ்வொரு தூணைச் சுற்றிலும், விரலுக்கு விரல் இடம் விட்டுத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் 'டக்' என்று தெளிவாக ஒலிக்கும். ஊறிய இடமோ பிரிந்த இடமோ மங்கி ஒலிக்கும். பழுத்த பலாவைத் தட்டிப் பார்ப்பாளே உன் பாட்டி, அதே காதுதான் இதற்கும் வேண்டும். ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் கோடிட்டுக்கொள். ஃபைபர்கிளாஸின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டில் போல்ட்டை மையமாக வைத்துச் சிலந்தி வலை போல் கீறல்கள் ஓடியிருந்தால், அங்கே ஏதோ வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். போல்ட் தலையின் கீழிருந்து பழுப்பு நிறக் கசிவு இறங்கியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடாதே. துருப்பிடிக்காத எஃகு காற்றுப் பட்டால்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். ஈரமான சீலண்டுக்குள் காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்தால் அதுவும் அரிக்கும். வெளியில் பளபளக்கும் போல்ட் உள்ளே கழுத்துப் பகுதியில் பாதியாக மெலிந்திருப்பதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனவே கழற்றிய போல்ட்டை மறுபடி போடாதே. துருப்பிடிக்காத எஃகில் 316 ரகத்தில் புதிது போடு.

இனி கீழ்க்கீல். வேலையைத் தொடங்குமுன் ஒன்றைக் கண்டிப்பாகச் செய். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றிவிட்டுப் படகின் பின்பகுதிக்குள் நீ ஊர்ந்து போனால், எடை பின்னால் போய் டிரெய்லரின் மூக்குத் தூக்கிக்கொள்ளும். காரோடு மாட்டியபடியே வை, சக்கரங்களுக்குக் கட்டை கொடு, பின்சுவரின் அடியிலும் இரண்டு தாங்கிகளை நிறுத்து. இதைச் செய்யாமல் உள்ளே போகமாட்டேன் என்று எனக்கு எழுது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உட்காரும் குழிக்கு அடியிலுள்ள இடுக்கில் என் தோள் நுழையாது என்பதால்தான் பன்னிரண்டு வயதில் உன்னை உள்ளே அனுப்பினேன். ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் ஸ்பேனருமாக நீ உள்ளிருந்து 'சரி அப்பா' என்று குரல் கொடுக்க, நான் வெளியிலிருந்து போல்ட் தலையை அசையாமல் பிடித்திருப்பேன். அன்று உனக்கு ஒரு விதி சொன்னேன், நினைவிருக்கிறதா? திருக வேண்டியது உள்ளே இருக்கும் நட்டை மட்டும்தான். வெளியே இருக்கும் போல்ட் ஒரு நூலளவும் சுழலக் கூடாது, சுழன்றால் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் சீலண்ட் அறுந்துவிடும். இந்த முறை வெளியே மாப்பிள்ளை பிடிக்கட்டும்.

போல்ட்டுகளை எடுத்தபின் ஒவ்வொரு துளையையும் டிரில்லால் பெரிதாக்கு. கால் அங்குல போல்ட் என்றால் துளை அரை அங்குலமாகட்டும். டிரில் முனையில் வருவதைக் கூர்ந்து பார்: வெண்ணிறத் தூள் வந்தால் அது முழு ஃபைபர்கிளாஸ், பழுப்பு நிற ஈரச் சீவல் வந்தால் மரம். மேல்தளத் தூண்களில் மரம் நிச்சயமாக வரும். அங்கே எல் வடிவ ஆலன் சாவியின் நீண்ட காலை டிரில்லில் மாட்டி, குட்டைக் காலைத் துளைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால், இரண்டு தோல்களுக்கு நடுவே உள்ள ஊறிய மரத்தை மட்டும் அது சுரண்டி எடுத்துவிடும். பிறகு காயவிடு. இதில் அவசரப்படாதே, துளைகளைத் திறந்தபடி, மழை படாமல் மூடாக்குப் போட்டு, காற்றாடி வைத்து ஒரு வாரமானாலும் காயட்டும். துளையை நிரப்பப் போகும் எப்பாக்ஸிப் பிசின் ஈர மரத்தில் ஒட்டாது. நீ பென்சிலால் குறித்த எல்லைக்கு அப்பாலும் மரம் ஊறியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டு எனக்குச் சொல். அது துளை நிரப்பும் வேலை அல்ல, தளத்தைத் திறக்கும் வேலை.

எப்பாக்ஸிக்கு நான் இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்துவது நம் மாநிலத்தின் பே சிட்டியில் செய்யப்படும் வெஸ்ட் சிஸ்டம். 105 பிசினும் 206 கெட்டிப்படுத்தியும் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் கலக்க வேண்டும். அவர்கள் தரும் பம்புகள் அந்த விகிதத்துக்கே செய்தவை, ஆகவே இதற்கு ஓர் அழுத்து, அதற்கு ஓர் அழுத்து என்று போட்டாலே அளவு சரியாகிவிடும். 205 என்ற கெட்டிப்படுத்தி வேகமாக இறுகும். உங்கள் ஊர் வெயிலுக்கு 206தான் பொருத்தம். கலந்ததை ஆழமான கோப்பையில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், எனவே அகலமான தட்டில் ஊற்றிக்கொள். வேலையை மாலையில் தொடங்கு. வெப்பம் இறங்கும்போது மரத்தின் துளைகளில் உள்ள காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் தொடங்கினால் காற்று விரிந்து குமிழ் தள்ளும். துளையின் அடிப்புறத்தை டேப்பால் அடைத்து, முதலில் வெறும் பிசினைத் தடவி மரம் குடிக்கவிட்டு, பிறகு பிசினில் 404 என்ற நிரப்பு மாவைப் போட்டு வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கியதை அடைத்து நிரப்பு. கையுறை இல்லாமல் தொடவே தொடாதே. எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் போகாது.

மறுநாள் மேலே படிந்திருக்கும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டுத் தேய். பிறகு அந்த இறுகிய அடைப்பின் நடுவில் போல்ட்டின் அளவுக்குப் புதுத் துளை போடு. இத்தனை பாடும் இதற்காகத்தான்: என்றோ ஒருநாள் சீலண்ட் மறுபடி தோற்றுப்போகும், ஆனால் அன்று இறங்கும் தண்ணீர் எப்பாக்ஸியைத்தான் சந்திக்கும், மரத்தைத் தொடாது. புதுத் துளையின் வெளி விளிம்பைச் சாய்வாகச் சிறிது சீவிவிடு. அந்தப் பள்ளத்தில் சீலண்ட் திரண்டு, போல்ட்டின் கழுத்தில் மோதிரம் போல் உட்காரும்.

சீலண்டைப் பற்றிக் கடையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் முடிவு இது. நீருக்குக் கீழேயோ நீர்மட்டத்தை ஒட்டியோ உள்ள கீலுக்குப் பாலிசல்ஃபைடு போடு. மேல்தளத் தூண்களுக்குப் பியூட்டைல் டேப் போதும், கையும் அழுக்காகாது. பாலிசல்ஃபைடைப் பிளாஸ்டிக் பாகங்களிலும் ஜன்னல்களிலும் மட்டும் பயன்படுத்தாதே, அது சில பிளாஸ்டிக்குகளைக் கெடுத்துவிடும். 3எம் 5200 நல்ல பொருள்தான், ஆனால் அது பசை. பின்னால் கழற்ற நேர்ந்தால் ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் வேறு எதுவும் ஒட்டாது. நான் அன்று பூசியதைச் சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

இறுக்கும்போது சீலண்ட் சுற்றிலும் சமமாகப் பிதுங்கும் வரை திருகி நிறுத்து. ஒரேயடியாக முழு இறுக்கமும் இறுக்கிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் உலோகத்துக்கும் சுவருக்கும் நடுவே சீலண்டே மிஞ்சாது என்பது என் அனுபவம். சில நாள் கழித்து, அது ரப்பராக இறுகியபின், நட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருகு. எஃகு நட்டும் எஃகு போல்ட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும் இயல்புள்ளவை, ஆகையால் மரையில் ஒரு துளி எண்ணெய் விட்டு மெதுவாகத் திருகு. உள்ளே சிறிய வாஷரோடு விட்டுவிடாதே. சுமையைப் பரப்ப ஒரு தகடு வேண்டும். பழைய படகுகளில் அங்கே மரத்துண்டு வைப்பது வழக்கம், அதுவும் ஊறத்தான் ஊறும்.

முன்முனையில், படகை டிரெய்லர்மேல் இழுத்து ஏற்றும் வின்ச்சின் பட்டை மாட்டும் வளையத்தையும் உள்ளிருந்து தட்டிப் பார். மிச்சிகனிலிருந்து அறுநூறு மைலுக்கு மேல் சாலையில் குலுங்கிப் போயிருக்கிறது. அந்த வளையத்தை மட்டும் நம்பிப் படகை இழுத்துச் செல்லாதே, பின்பக்கமும் பட்டை கட்டு. அடியில் உள்ள 550 பவுண்டு இரும்பு ஏராவைத் தாங்கும் கொண்டிகள் ஆடினால் நீங்கள் இருவரும் அதன் கீழே போக வேண்டாம்; பழுதுபார்க்கும் தளத்துக்கு எடுத்துச் செல்லுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். சாலையில் போகும்போது ஏராவின் எடை டிரெய்லரின் சட்டத்தின்மேல் இருக்க வேண்டும், அதைத் தூக்கும் வின்ச் கம்பியில் தொங்கக் கூடாது.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் 316 போல்ட்டுகளும், அகல வாஷர்களும், ஜி-10 ஃபைபர்கிளாஸ் பலகையில் கீலின் அளவுக்கு வெட்டிய தகடும் இருக்கின்றன. தகட்டில் துளை போடவில்லை. பழைய கீலைக் கழற்றியதும் காகிதத்தில் வைத்து அதன் துளைகளைப் பென்சிலால் வரைந்து, தகட்டின்மேல் ஒட்டி, அதன்படி நீயே போட்டுக்கொள். ஆலன் சாவி அம்மாவின் பழைய பித்தளைச் சம்படத்தில் இருக்கிறது. பிசின் டப்பாவைத் திறக்குமுன், டிரில்லில் வந்த சீவலைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே உன்னை அழைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா